ஆறில் ஒன்று பேசவில்லை

அத்தியாயம் 6

லைட்மேன் விழுந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். யாரும் மிதித்துவிடக் கூடாதாம். தச்சர்கள் அதைச் சுற்றிக்கொண்டு பலகை சுமந்து போனார்கள். படப்பிடிப்புக்காகக் கட்டி, மூன்று நாளாகச் சும்மா நின்றிருந்த பொய்ச்சுவரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சாவு விழுந்த கொட்டகையிலும் கூலி வேலைக்கு லீவு கிடையாது.

தராசு அந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் கிடந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

பதினெட்டு வருஷம் ஒரு கல்குவாரியின் எடைமேடையில் லாரிக்கு எடை போட்டவர் அவர். அங்கே கிரஷரில் ஒருவன் கை போனது. யார் தப்பு என்று தோண்டப் போனார். வேலை போயிற்று. அப்புறம் தோண்டுவதே வேலையாகிவிட்டது. முழங்கால் தேய்ந்த அளவுக்குத் 'தராசு' என்ற பட்டப்பெயர் தேயவில்லை.

"அஞ்சு மணிக்குத் துப்பாக்கிப் பெரியவரை மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தறாங்க. இப்ப ஒண்ணே முக்கால்," என்றாள் கண்டக்டரம்மா. "நடுவுல நீங்க தியானம் பண்றீங்களா அண்ணே?"

"முழங்காலோட பேசிட்டிருக்கேன்."

"என்ன சொல்லுது?"

"வீட்டுக்குப் போகலாம்னு சொல்லுது."

"நம்ம ஆபீஸ்ல புத்தியா பேசறது அது ஒண்ணுதான்."

கண்டக்டரம்மா தராசின் உதவியாளர். இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள். பஸ்ஸை விட்ட பிறகும் குரல் அவளை விடவில்லை. அவள் ரகசியம் பேசினால் பின் ஸீட்டு வரைக்கும் கேட்கும்.

வழக்கு சின்னதுதான். ஹீரோ கேமராவை நோக்கி ரிவால்வரை நீட்ட வேண்டும். சுட வேண்டியதில்லை. ஆனால் எதிரிலிருந்து பார்த்தால் ரிவால்வர் உருளைக்குள் தோட்டாக்களின் மூக்கு தெரியும். காலியாக இருந்தால் படம் பார்க்கிறவன் சிரிப்பான். அதனால் டம்மித் தோட்டா போடுவார்கள். பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும். உள்ளே வெடிமருந்துக்குப் பதிலாக ஒரு சின்ன இரும்பு மணி கிடக்கும். காதோரம் வைத்துக் குலுக்கினால் கிலுக்கென்று பேசும். பேசினால் டம்மி. பேசாவிட்டால் மெதுவாகக் கீழே வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்க வேண்டும்.

மூன்று நாள் முன்பு ஒத்திகையில் ஹீரோ சும்மா ஒருதரம் விசையை இழுத்துப் பார்த்தார். ஆறில் ஒன்று அசல். கேமராவுக்குப் பின்னால் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்த லைட்மேன் விழுந்தான். முப்பத்தோரு வயது. இரண்டு பிள்ளைகள். 'கையில் கொடுத்ததை நீட்டினார்' என்று ஹீரோவின் வக்கீல் அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்துவிட்டார். டம்மித் தோட்டா பெட்டி வேறொரு படக் கம்பெனியிலிருந்து இரவல் வந்தது. அதற்குள் அசல் எப்படிக் கலந்தது என்று போலீஸ் ஒரு பக்கம் தேடிக்கொண்டிருந்தது. எங்கிருந்து வந்திருந்தாலும், அதை வாசலிலேயே பிடிக்க வேண்டியவர் ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வருஷமாகப் படங்களுக்குத் துப்பாக்கி பார்க்கிறவர். கொட்டகையில் எல்லோருக்கும் அவர் 'துப்பாக்கிப் பெரியவர்'.

அவர் போலீஸ் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். நான்தான் பார்த்தேன், நான்தான் கொடுத்தேன், என் தப்பு. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நேற்று சாயங்காலம் கைது செய்து லாக்கப்பில் வைத்தார்கள். இரண்டு நாள் முன்பு அவருடைய மகள் தராசைத் தேடி வந்தாள். 'அப்பா தப்பு பண்ற ஆள் இல்ல சார். எப்படியாவது காப்பாத்துங்க' என்றாள். அவளும் அதே தொழில்தான். அப்பாவுக்கு உதவியாள்.

"எனக்கு அந்தப் பெரியவர் வாக்குமூலம் பிடிக்கல," என்றார் தராசு. "லாரி மேடை ஏறறதுக்கு முன்னாடியே எடையைச் சொல்ற டிரைவர் மாதிரி இருக்கு. அப்படிச் சொல்றவன் கண்டிப்பா எதையோ மறைக்கிறான்."

"சரி, எந்திரிங்க. சவுண்டுக்காரர் ரெண்டு மணி வரைக்கும்தான் இருப்பாராம்."

அவர்தான் அன்று அவர்களிடம் இருந்த ஒரே துப்பு.

சவுண்டுக்காரர் கொட்டகையின் பின்பக்கம் ஒரு தள்ளுவண்டி மேல் கருவிகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"எங்க ஆளுங்க 'ஸ்டார்ட்' சொன்ன பிறகு நான் பட்டனை அமுக்கினேன்னா பாதி வசனம் போயிடும். அதனால அஞ்சு நிமிஷம் முன்னாடியே ஓட விட்டுடுவேன். பழக்கம்," என்றார். "ஹீரோ சட்டைக் காலர்ல மைக் இருந்துச்சு. பெரியவர் தோட்டா போடறப்போ ஹீரோ பக்கத்துல நின்னு போன் பார்த்துட்டிருந்தார். எல்லாம் டேப்ல விழுந்திருக்கு."

"போலீஸ்கிட்ட ஏன் கொடுக்கல?"

"கேக்கல. நான் சத்தம் பிடிக்கிறவன். என்னை எவன் கேப்பான்." அவர் ஹெட்போனைத் துடைத்தார். "கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். கேட்டுப் பாருங்க, ஏன்னு புரியும்."

தராசும் கண்டக்டரம்மாவும் ஆளுக்கொரு காதாக ஹெட்போனைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். முதலில் சுத்தியல் சத்தம். யாரோ இருமினார்கள். இரும்பு உருளை திறக்கிற சத்தம். பிறகு கிலுக். ஒரு மூச்சு இடைவெளி. கிலுக். மறுபடி கிலுக். தராசு விரல் மடக்கினார். ஐந்து கிலுக்கு. ஆறாவதுக்குச் சட்டைக் கை உரசுகிற சத்தம் கேட்டது. குலுக்கியிருக்கிறார். ஆனால் தோட்டா பேசவில்லை.

அடுத்து படக் கம்பெனி மேனேஜரின் குரல். "ஆச்சா பெரியவரே, வெளிச்சம் போகுது." லேசாகப் பொத் பொத்தென்று ஏதோ இடித்தது. உடனே பெரியவரின் நிதானமான குரல். "டம்மி. ஆறும் டம்மி."

சவுண்டுக்காரர் நிறுத்தினார். "அதுக்கு மேல வேண்டாம்."

தச்சர்கள் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அவர் பார்க்காம விட்டாருன்னு நெனச்சுட்டிருக்காங்க," என்றாள் கண்டக்டரம்மா. "இதுல பார்த்திருக்கார். ஆறையும் குலுக்கியிருக்கார். பேசாததைத் தெரிஞ்சே உள்ள போட்டிருக்கார். அலட்சியம்னு இருக்கற வழக்கு கொலைன்னு ஆயிடும். அண்ணே, நாம அவரைக் காப்பாத்த வந்தோமா, கயிறு வாங்கிக் கொடுக்க வந்தோமா?"

"அதான் கொடுக்கலைன்னேன்," என்றார் சவுண்டுக்காரர்.

தராசு தாடையைச் சொறிந்தார். "லைட்மேனுக்கும் அவருக்கும் ஏதாவது?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் டீ குடிப்பாங்க."

"முந்தின நாளும் இதே துப்பாக்கிதானே? அந்த டேப் இருக்கா?"

இருந்தது. அதற்கு முந்தின நாளுடையதும் இருந்தது. தராசு இரண்டையும் போடச் சொன்னார். எடைமேடையில் சந்தேகம் வந்தால் அதே லாரியை மறுபடி ஏற்றிப் பார்ப்பார்கள். வேறு வித்தை அவருக்குத் தெரியாது.

கிலுக், கிலுக், ஆறும் ஒழுங்காகப் பேசின. சின்னதாக ஒரு பொத். "டம்மி. ஆறும் டம்மி." இன்னொரு நாள். ஆறு கிலுக்கு, ஒரு பொத், "டம்மி. ஆறும் டம்மி."

"இன்னொரு தரம் போடுங்க," என்றாள் கண்டக்டரம்மா. அவள் முகத்தில் கிண்டல் போய்விட்டது. மூன்றாம் முறை கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

"அண்ணே, பஸ்ல டிரைவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். நான் பஸ் உடம்புல தட்டினா வண்டியை எடுப்பார். தட்டற வரைக்கும் எடுக்க மாட்டார். ஒரு நாள் கூட்டம். படியில தொங்கிட்டிருந்த ஒருத்தன் பொறுமை இல்லாம அவனே தட்டிட்டான். டிரைவர் எடுத்துட்டார். ஒரு அம்மாவோட கால் பாதி படியில இருந்துச்சு. டிரைவர் மேல கேஸ். அவர் கடைசி வரைக்கும் நான்தான் தட்டினேன்னு நம்பிட்டிருந்தார்."

தராசு அவளைப் பார்த்தார்.

"இந்தப் பெரியவர் தட்டு வாங்காம வாயைத் திறக்கறதில்ல," என்றாள். "மூணு நாளும் அப்படித்தான். ரெண்டு நாள் ஒரே கை. மெதுவா ஒரு தட்டு. கடைசி நாள் வேற கை. ரெண்டு தட்டு, கனமா."

"தோட்டா பேசுதான்னு கேக்கறதுக்கு அவருக்கே காது இருக்கு. இன்னொருத்தர் தட்டு எதுக்கு?"

"அதான் நானும் யோசிக்கறேன். நேத்து லாக்கப்ல அவர் முதுகுக்குப் பின்னாடி நின்னு அஞ்சு ஜோக் சொன்னேன். ஒண்ணுக்கும் அசையல. துக்கத்துல இருக்கார்னு நெனச்சேன்."

"ஜோக் நல்லா இல்லாம இருந்திருக்கலாம்."

"இருக்கலாம். ஆனா ஏட்டு சிரிச்சாரே."

சவுண்டுக்காரர் மெதுவாக வாயில் கையை வைத்துக்கொண்டார். ஏழு வருஷம் அந்தப் பெரியவரோடு வேலை செய்திருக்கிறார். சத்தம் பிடிப்பதே தொழில். இது மட்டும் அவருக்கும் பிடிபடவில்லை.

துப்பாக்கி வேன் கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றது. உள்ளே மகள் ரப்பர் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வயது. கைக்கு வேலை கொடுக்காமல் இருக்கத் தெரியாத பெண்.

தராசு வேன் படியில் உட்கார்ந்தார். "உங்கப்பாவுக்குக் காது கேக்காம எத்தனை வருஷமாச்சும்மா?"

துணி நின்றது. மறுபடி துடைக்க ஆரம்பித்தது.

"யார் சொன்னா?"

"தோட்டா சொல்லுச்சு."

"நீ அழு, இல்லாட்டி திட்டு. ரப்பரைத் துடைக்காதே," என்றாள் கண்டக்டரம்மா. "மூணு மணி ஆகப்போகுது. பொய்யைச் சுமந்துக்கிட்டு எங்களால ஓட முடியாது. இவருக்கு ஏற்கெனவே முழங்கால் இல்ல."

மகள் உட்கார்ந்தாள். முப்பது வருஷம் வெடிச்சத்தத்துக்குப் பக்கத்தில் நின்ற காது. ஐந்து வருஷத்துக்கு முன்பு மெல்லிய சத்தங்கள் போயின. மூன்று வருஷமாக ஏறக்குறைய எதுவும் இல்லை. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் படித்துச் சமாளிப்பார். வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும். அவருடையது போனால் உதவியாளான அவளுக்கும் வேலை இல்லை.

"நான் அவர் வலது தோளுக்குப் பின்னாடி நிப்பேன் அக்கா. அவர் என் காதுகிட்ட குலுக்குவார். பார்க்கறவங்களுக்கு அவர் கேக்கற மாதிரிதான் இருக்கும். ஆறும் சரின்னா ஒரு தட்டு தட்டுவேன். சரியில்லன்னா தோளைப் பிடிச்சுக்குவேன். மூணு வருஷத்துல ஒருதரம்கூடத் தப்பினதில்ல."

"அன்னைக்கு நீ அங்க இல்ல."

"இல்ல."

"எங்க போனே?"

"மேனேஜர் வந்தார். கூட்டத்துல நிக்கறவங்ககிட்ட கொடுத்த ரப்பர் துப்பாக்கியெல்லாம் உடனே வாங்கி வேன்ல வைக்கச் சொன்னார். ஏற்கெனவே ரெண்டு பேர் செய்யற வேலையைத்தான் நான் ஒருத்தி செய்யறேன். அஞ்சு நிமிஷம்தான்னார். போனேன்."

"அப்பாகிட்ட சொல்லாமலா?"

மகள் ஒரு ரப்பர் துப்பாக்கியை எடுத்து மறுபடி துடைத்தாள்.

"சொன்னேன்," என்றாள். "'அப்பா, வேனுக்குப் போயிட்டு வரேன், நான் வர்ற வரைக்கும் துப்பாக்கியை எடுக்காதீங்க'ன்னு சொன்னேன். அவசரத்துல பின்னாடி நின்னுக்கிட்டே சொல்லிட்டு ஓடிட்டேன். அவர் முதுகுகிட்ட சொன்னேன். அவருக்குக் கேக்காதுன்னு உலகத்துலயே தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். நான்தான் அப்படிச் சொல்லிட்டுப் போனேன்."

கண்டக்டரம்மா அந்தப் பெண்ணின் கையிலிருந்த ரப்பர் துப்பாக்கியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"திரும்பி வர்றப்போ வெடிச்சத்தம் கேட்டுச்சு. எனக்காகக் காத்திருக்காம ஏன் கொடுத்தார்னு எனக்கு இன்னும் புரியல சார். அவர் அப்படிப் பண்ற ஆளே இல்ல. கேக்கலாம்னா, என்னைப் பார்க்கவே மாட்டேங்கறார். லாக்கப்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கறார்."

தராசு எழுந்தார். "உங்கப்பா காத்திருந்தாரும்மா. நீ தட்டற வரைக்கும் காத்திருந்தார்."

"நான் தட்டலையே."

"ஆமா. நீ தட்டல."

மேனேஜர் கொட்டகை வாசலில் ஒரு லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். தூக்கமில்லாத, நல்ல சட்டை போட்ட மனிதர். ஒரே கையில் இரண்டு போன். தராசைப் பார்த்ததும் அருகில் வந்து, தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். பொத், பொத்.

"வாங்க சார். என்ன உதவி வேணும்? சீக்கிரம் சொல்லுங்க, செட்டை ஆறு மணிக்குள்ள காலி பண்ணணும்."

தராசு தன் தோளைப் பார்த்தார். கண்டக்டரம்மா வேறு பக்கம் பார்த்தாள்.

"எல்லாரையும் இப்படித் தட்டுவீங்களா?"

"பழக்கம் சார். இருநூறு பேரை வேலை வாங்கணும். வாயால கத்தினா கோபப்படறாங்க. தோள்ல தட்டினா, நம்ம ஆளுன்னு நெனச்சு ஓடுவாங்க."

"அன்னைக்குத் துப்பாக்கிப் பெரியவரைத் தட்டினீங்களா?"

"தட்டியிருப்பேன். ஆமா, தட்டினேன். சூரியன் இறங்கிட்டிருந்துச்சு. அவர் பாட்டுக்கு ஒண்ணொண்ணா ஆட்டிட்டு, கடைசியில அப்படியே நின்னுட்டிருந்தார். சும்மா நிக்கறார். ஆச்சான்னு கேட்டேன், பதிலே இல்ல. பின்னாடியிலேர்ந்து தட்டினேன். உடனே கொடுத்துட்டார்."

"அவர் ஏன் நின்னாருன்னு தெரியுமா?"

"வயசாச்சு. யோசிக்கறாரோ என்னவோ."

தராசு மெதுவாக, கல் ஒவ்வொன்றாக இறக்குகிற மாதிரி, விஷயத்தைச் சொன்னார். காது. மகள். தட்டு. மேனேஜரின் ஒரு போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. அவர் முகத்தில் என்ன நடந்ததென்று பார்க்கத் தராசுக்கு விருப்பமில்லை. குவாரியில் அந்த முகத்தை ஒருமுறை பார்த்திருக்கிறார்.

"நான் என்ன சார் பண்ணேன்?" என்றார் மேனேஜர் கடைசியில். "தட்டினேன். தட்டறது ஒரு குத்தமா?"

"தட்டறதுக்கு முன்னாடி, தட்ட வேண்டியவளை வேனுக்கு அனுப்பினீங்க."

"எனக்கு அவருக்குக் காது கேக்காதுன்னு தெரியாதே."

"தெரிஞ்சிருந்தா?"

மேனேஜர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத களைப்பு அது. "வேற ஆளைப் போட்டிருப்பேன்."

"அதனாலதான் உங்களுக்குத் தெரியல," என்றாள் கண்டக்டரம்மா. "வண்டியில ஏறுங்க சார். ஸ்டேஷன்ல இதை அப்படியே சொல்லிடுங்க."

"வக்கீலைக் கேட்டுட்டுதான் பேசணும். நான் சம்பளக்காரன்மா. ரெண்டு நாள்ல முடிக்கச் சொல்லி மேலேர்ந்து கழுத்தைப் பிடிச்சாங்க. வேலைக்கு ஆள் போதாதுன்னு நானே எழுதிக் கொடுத்தேன்."

"யார்கிட்ட?"

"அதைத்தான் வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்லணும்."

ஆனாலும் வண்டியில் ஏறினார். தராசு அதை மனதில் குறித்துக்கொண்டார்.

ஸ்டேஷனில் மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. இன்ஸ்பெக்டர் டேப்பை முழுதும் கேட்டார். மகள் சொன்னதையும் கேட்டார். மேனேஜர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். மணி நாலு பத்து.

"காது கேக்காதுன்னு பெரியவரே ஒத்துக்கிட்டாத்தான் இது நிக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர். "இல்லேன்னா ஆறையும் குலுக்கிட்டு அசலை உள்ள போட்ட ஆளாத்தான் கோர்ட் பார்க்கும். டேப்பை நான் மறைக்க முடியாது. போய்ப் பேசுங்க. பத்து நிமிஷம்."

பெரியவர் லாக்கப்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தராசு உள்ளே போய், முழங்கால் முனக, சுவருக்கும் அவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தார். இப்போது திரும்புவதற்கு அவருக்கு வேறு பக்கம் இல்லை.

"என் உதட்டைப் பாருங்க," என்றார் தராசு.

பெரியவரின் கண்கள் சுருங்கின. ரகசியம் வெளியேறிவிட்டது என்று தெரிந்துகொண்ட கண்கள்.

"என் தப்புதான்னு எழுதிக் கொடுத்துட்டேனே. அவளை எதுக்கு இதுல இழுக்கறீங்க?"

"அவ என்ன தப்பு பண்ணா?"

பெரியவர் விலகச் சொல்லிக் கையை அசைத்தார்.

"நான் சொல்றேன்," என்றார் தராசு. "நீங்க குலுக்கினீங்க. தட்டு வந்துச்சு. அவ கேட்டுட்டுத்தான் தட்டினாள்னு நெனச்சீங்க. பேசாத தோட்டாவை அவ பேசுச்சுன்னு சொல்லிட்டாள்னு நெனச்சீங்க. அதான் அவ பேர் வரக் கூடாதுன்னு முந்திக்கிட்டீங்க."

பெரியவர் பேசினார். காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி, சத்தத்தின் அளவு தெரியாமல், கொஞ்சம் உரக்க.

"பன்னெண்டு வயசுலேர்ந்து லீவு நாள்ல என்கூட வருவா. வேண்டாம்னு சொன்னதில்ல. காதுல பஞ்சு வெச்சுக்கோன்னு சொல்லுவேன், அவ வெச்சுக்காம ஓடுவா. எத்தனை வெடி. அன்னைக்கு அவன் விழுந்ததும் எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு. என் காது போன மாதிரி அவ காதும் போக ஆரம்பிச்சிடுச்சு. அவளுக்கே இன்னும் தெரியல. நான்தான் அதையும் பண்ணிட்டேன்னு." அவர் நிறுத்தினார். "அவ முகத்தைப் பார்த்தா சொல்லிடுவேன். அதான் பார்க்கல."

"அது உங்க மகள் கை இல்ல."

"அவ கைதான். வேற யாரு என் தோளைத் தொடுவா?"

"மேனேஜர். சீக்கிரம்னு சொல்லித் தட்டினார். அவளை ரப்பர் துப்பாக்கி வாங்க அனுப்பிட்டார். அவ போறப்போ உங்க முதுகுகிட்ட சொல்லிட்டுப் போனா. ரெண்டு தட்டு விழுந்துச்சு. அவ எப்பவும் ஒண்ணுதானே தட்டுவா?"

பெரியவர் தன் வலது தோளை இடது கையால் தொட்டார். அந்த இடத்தை விரலால் தேடினார்.

"ரெண்டு," என்றார். "ஆமா. ரெண்டு. அவசரம் போலிருக்குன்னு நெனச்சேன்."

"அவ காது நல்லாத்தான் இருக்கு."

அந்த ஒரு வரிக்குத்தான் பெரியவர் அழுதார். லைட்மேனுக்காக அவர் மூன்று நாளும் அழுதிருப்பார், அது அவருக்கும் சுவருக்கும் தெரியும். இது வேறு. அழுது முடித்ததும் முகத்தைத் தோள் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அந்தப் பையன் பொண்டாட்டி வந்தாங்களா?"

"காலையில வந்துட்டுப் போனாங்க. யார் கொடுத்தாங்கன்னு மட்டும் கேட்டாங்க."

"நான் கொடுத்தேன்னு சொல்லுங்க. அது மாறாது."

இன்ஸ்பெக்டர் மேஜைக்கு அவரை அழைத்து வந்தார்கள். மகள் நாற்காலியிலிருந்து எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள். அவள் அப்பாவின் சட்டைக் காலரைச் சரி செய்தாள். அவ்வளவுதான்.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "காது விஷயம் எழுதினா கொலைன்னு யாரும் பேச முடியாது. ஆனா லைசென்ஸ் போயிடும். இந்தப் பொண்ணுக்கும் வேலை போயிடும். அலட்சியத்தால சாவுங்கற கேஸ் இருக்கத்தான் செய்யும். சம்மதமா?"

மகள் அதை அப்பாவுக்கு உதட்டால் திருப்பிச் சொன்னாள். ஒரு வார்த்தையும் விடாமல்.

"எழுதுங்க," என்றார் பெரியவர். "காது கேக்காதவன் துப்பாக்கியைக் கையில எடுத்தது முதல் தப்பு. அதை முதல்ல எழுதுங்க."

"தெரிஞ்சே அவரை விட்டுட்டுப் போனது நான். என் பேரையும் எழுதுங்க," என்றாள் மகள்.

"வெளிய ஒருத்தர் இருக்கார். தன் பேரை எழுத விடக் கூடாதுன்னு வக்கீல்கிட்ட போன்ல சொல்லிட்டிருக்கார்," என்றாள் கண்டக்டரம்மா. "வக்கீல் வர்ற வரைக்கும் அவர் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டாராம். அவருக்கு மேல ஒருத்தர், ஆள் போதாதுன்னு எழுதினதைப் படிச்சுட்டு மேஜைக்குள்ள போட்டு மூடினவர். கையில எதைக் கொடுத்தாலும் பார்க்காம நீட்டற ஹீரோ. இரவல் பெட்டி கொடுத்த கம்பெனி. இவங்க பேரெல்லாம் எங்க எழுதுவீங்க?"

இன்ஸ்பெக்டர் மாஜிஸ்திரேட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய படிவத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். பேனாவால் ஓர் இடத்தைக் காட்டினார். குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் என்று அச்சடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு கோடு.

"இருபது வருஷமா இதே படிவம்தான்," என்றார். "ஒரு பேருக்குத்தான் இடம் விட்டிருக்கான்."

மணி நாலே முக்கால். வெளியே ஜீப்பைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

தராசு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கை நீட்டித் தாளைத் திருப்பி வைத்தார். பின்பக்கம் முழுக்க வெள்ளை.

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து அடிக்கோலை எடுத்தார்.

"எத்தனை கோடு போடணும்?"

"போட ஆரம்பிங்க," என்றார் தராசு. "நிறுத்தச் சொல்றேன்."